உங்களிடம் ஒரு வெள்ளிக்கிழமை கேட்கிறேன்

தமிழ்நாட்டிலிருந்து நாடாளுமன்றம் சென்றிருக்கும் உறுப்பினர்களுக்கு,



மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர். உங்கள் 57 பேருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். கட்சிவாரியாகப் பிரித்து எழுத முடியாத விஷயம் இது. மிசா, தடா, பொடா, உபா என்று பாதுகாப்பின் பெயரால் வந்த சட்டங்களில் ஏதாவது ஒன்றை உங்களில் பலருடைய கட்சி ஒரு காலத்தில் ஆதரித்திருக்கிறது. வேறொரு காலத்தில் அதே கட்சிக்காரர்கள் அதே மாதிரிச் சட்டத்தில் உள்ளே போயிருக்கிறார்கள். செங்கல்பட்டின் மக்களவை உறுப்பினராக இருந்த சிட்டிபாபு, நெருக்கடி நிலையின்போது மிசாவில் பிடிக்கப்பட்டு, சென்னை மத்திய சிறையில் பட்ட அடியிலிருந்து மீளாமல் 1977 ஜனவரியில் இறந்தார். சிவகாசியின் உறுப்பினராக இருந்த வைகோ, 2002 ஜூலை 11 அன்று அமெரிக்காவிலிருந்து திரும்பி விமான நிலையத்தில் இறங்கியதும் பொடாவில் கைதானார். குண்டு வைத்ததற்காகவா? அதற்கு இரண்டு வாரத்துக்கு முன் திருமங்கலத்தில் மேடையில் பேசியதற்காக. 19 மாதம் சிறையில் இருந்தார். அந்த ஆண்டு மார்ச் 26 அன்று நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் 425க்கு 296 என்ற கணக்கில் பொடா நிறைவேறியபோது அவருடைய கட்சி ஆளுங்கூட்டணியில் இருந்து அதை ஆதரித்தது. தி.மு.க.வும் அந்தக் கூட்டணியில்தான் இருந்தது. அ.தி.மு.க. வெளியே இருந்து ஆதரவு கொடுத்தது.

பழைய கணக்கைக் கிளறி உங்களைச் சங்கடப்படுத்த இதைச் சொல்லவில்லை. இந்தச் சட்டங்கள் யாரோ தூரத்தில் இருக்கிறவர்கள் மேல் பாயும் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு முறையும் கை தூக்கப்படுகிறது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இருக்கைகளில் முன்பு உட்கார்ந்திருந்தவர்கள் மேலேயே அவை பாய்ந்திருக்கின்றன என்பது உங்களுக்கு நினைவிருக்க வேண்டும்.

நான் கோவைக்காரன். 1998 பிப்ரவரி 14 மாலை இந்த ஊரில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் செத்துப்போனார்கள். ரத்தம் கொடுக்க நின்ற வரிசையில் நானும் நின்றேன். பூ விற்றவரும், பேருந்துக்குக் காத்து நின்றவரும், கட்டிலில் படுத்திருந்த நோயாளியும் எந்த அரசியலுக்காகவும் சாகச் சம்மதித்தவர்கள் இல்லை. எனவே பயங்கரவாதம் பெரிய விஷயமே இல்லை, அரசு பூதம் காட்டுகிறது என்று சொல்கிற கடிதம் இது என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். 2022 அக்டோபரில் உக்கடத்தில் கோயிலருகே கார் வெடித்தபோது எங்கள் வீடுகளில் பழைய பயம் அப்படியே திரும்பி வந்தது. 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்ற செய்தியைப் படித்த நாளில் எனக்கும் ரத்தம் கொதித்தது. குண்டு வைக்கிறவனைக் கண்டுபிடிக்க வேண்டும், நிரூபிக்க வேண்டும், தண்டிக்க வேண்டும். இந்த மூன்றையும் இன்றுள்ள சட்டம் செய்யவில்லை என்பதுதான் என் குறை.

சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தை, அதாவது உபாவை, கையில் எடுத்து 43டி பிரிவுக்குப் போங்கள். அதன் 5ஆம் உட்பிரிவைப் படியுங்கள். ஒரே பத்திதான். சாதாரண வழக்கில் ஒருவர் ஜாமீன் கேட்டால் நீதிபதி யோசிப்பது, இவர் ஓடிவிடுவாரா, சாட்சியைக் கலைப்பாரா, வெளியே போய் மறுபடி குற்றம் செய்வாரா என்பதைத்தான். உபாவில் பயங்கரவாதம் சார்ந்த அத்தியாயங்களின் கீழ் வழக்கு என்றால் இந்த யோசனைக்கெல்லாம் இடமில்லாமல் போகிறது. கேஸ் டைரியையோ குற்றப்பத்திரிகையையோ படித்துவிட்டு, குற்றச்சாட்டு முதல் பார்வைக்கு உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குப் பட்டால் அவர் ஜாமீன் கொடுக்கக் கூடாது. கேஸ் டைரியை எழுதுவது போலீஸ். குற்றப்பத்திரிகையை எழுதுவதும் போலீஸ். அந்தக் கட்டத்தில் எதிர்த் தரப்பு வழக்கறிஞர் ஒரு சாட்சியைக்கூடக் குறுக்கு விசாரணை செய்திருக்க மாட்டார். ஒரு தரப்பு எழுதியதை மட்டும் படித்து, அது உண்மைபோல் இருக்கிறதா என்று கேட்டால் என்ன பதில் வரும்? உண்மைபோல் இல்லாத குற்றப்பத்திரிகையை எந்த அதிகாரி எழுதுவார்?

2019 ஏப்ரலில் வதாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வாசலை இன்னும் குறுக்கியது. ஜாமீன் கட்டத்தில் ஆதாரங்களை நுணுகி எடைபோட வேண்டியதில்லை, மொத்தத்தில் பார்த்தால் போதும் என்றது. 2021இல் நஜீப் வழக்கில் அதே நீதிமன்றம், விசாரணை முடியாமல் ஆண்டுக்கணக்கில் ஒருவரை அடைத்துவைத்தால் அரசமைப்புச் சட்டம் தரும் உரிமை கெட்டுப்போகிறது, அப்போது ஜாமீன் கொடுக்கலாம் என்றது. 2024 பிப்ரவரியில் ஓர் அமர்வு, இந்தச் சட்டத்தில் சிறைதான் விதி, ஜாமீன் விலக்கு என்றது. ஆகஸ்டில் இன்னோர் அமர்வு, இப்படிப்பட்ட சட்டத்திலும் ஜாமீன்தான் விதி என்றது. ஒரே ஆண்டு, ஒரே நீதிமன்றம். ஒருவருடைய ஐந்தாண்டு வாழ்க்கை, மனு எந்த அமர்வின் முன் போகிறது என்பதைப் பொறுத்து அமைவது நாட்டுக்குப் பாதுகாப்பு ஆகாது. இந்தக் குழப்பத்தை நீதிமன்றத்தால் தீர்க்க முடியவில்லை. வாசகத்தை எழுதிய இடத்தில்தான் தீர்க்க முடியும். அந்த இடத்தில் இப்போது இருக்கிறவர்கள் நீங்கள்.

இதோடு கூடவே வருவது நாள்கணக்கு. கொலை வழக்கில்கூட 90 நாளில் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் கைதிக்கு ஜாமீன் உரிமை வந்துவிடும். உபாவில் நீதிமன்றத்தின் அனுமதியோடு 180 நாள்வரை இழுக்கலாம். ஆறு மாதம் குற்றப்பத்திரிகையே இல்லாமல் ஒருவர் உள்ளே இருக்கலாம். வெளியே அவர் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்கள் தொகுதியில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். வாரா வாரம் மனு போட்டுப் பார்க்க விடியற்காலையில் சிறை வாசலில் நிற்கும் பெண்களிடம் கேளுங்கள். வாய்தாவுக்கு அழைத்துவர வழிக்காவல் போலீஸ் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் எத்தனை வாய்தா தள்ளிப்போயிற்று என்று அவர்கள் தேதி தேதியாகச் சொல்வார்கள். வாடகைக்கு வீடு கிடைக்காமல் போனதைச் சொல்வார்கள். அந்த வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் சொல்வார்கள். குற்றவாளி என்று தீர்ப்பு வராத மனிதருடைய வீடு அது.

மாநிலங்களவையில் 2021 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் கொடுத்த கணக்கு உங்கள் அவைக் குறிப்பிலேயே இருக்கிறது. 2016 முதல் 2019 வரை உபாவில் கைதானவர்கள் 5,922 பேர். அதே காலத்தில் தண்டிக்கப்பட்டவர்கள் 132 பேர். அந்த 132 பேரும் இந்த 5,922க்குள் இருப்பவர்கள் என்று சொல்லிவிட முடியாது. வழக்கு முடியப் பல ஆண்டுகள் ஆகின்றன, பழைய வழக்கில் தண்டனை பெற்றவர்களும் அதில் இருப்பார்கள். அதனால் இந்த எண்ணை வைத்து மேடையில் முழங்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளியைப் பார்த்த பிறகு, உள்ளே இருக்கும் மற்றவர்கள் எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள், அவர்கள் மேலான விசாரணை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று உங்களில் எத்தனை பேர் எழுந்து கேட்டீர்கள்?

நம் மண்ணில் பிறந்த ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும். திருச்சி மாவட்டம் விரகலூரில் பிறந்த ஸ்டான் சுவாமி, இயேசு சபைத் துறவி, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு வாழ்ந்தவர். பீமா கோரேகான் வன்முறை தொடர்பான உபா வழக்கில் 2020 அக்டோபர் 8 இரவு ராஞ்சியில் அவரை தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) கைது செய்தபோது வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். குவளையைத் தூக்கினால் தண்ணீர் சிந்திவிடும். உறிஞ்சிக் குடிக்க வசதியுள்ள குவளையும் ஸ்ட்ராவும் வேண்டும் என்று நவம்பரில் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பதில் சொல்ல என்.ஐ.ஏ. 20 நாள் அவகாசம் கேட்டது. 20 நாள் கழித்து வந்து, அவருடைய ஸ்ட்ராவும் குவளையும் எங்களிடம் இல்லை என்றது. ஒரு முதியவர் தண்ணீர் குடிப்பது தேசப் பாதுகாப்பின் விஷயமாக ஒரு நீதிமன்றத்தின் நேரத்தை எடுத்துக்கொண்டது. 2021 மார்ச்சில் சிறப்பு நீதிமன்றம் ஜாமீனை மறுத்தது. மே மாதம் காணொளியில் மும்பை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தவர், சிறைக்கு வந்தபோது தானே சாப்பிடவும் நடக்கவும் முடிந்தது, இப்போது முடியவில்லை என்பதைச் சொன்னார், தன் மக்களோடு இருக்க விடுங்கள் என்று கேட்டார். ஜூலை 5 அன்று ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த வேளையில் அவர் இறந்துவிட்டார் என்று நீதிபதிகளிடம் தெரிவிக்கப்பட்டது. விசாரணை தொடங்கவே இல்லை. அவர் செய்தது குற்றமா இல்லையா என்று இனி யாரும் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. 84 வயதில் நடக்க முடியாதவர் எங்கே ஓடிவிடுவார் என்று கேட்க நீதிபதிக்கு அந்தச் சட்டம் இடமே கொடுக்கவில்லை. அவர் எந்த அரசியலை நம்பினார் என்பது எனக்குப் பொருட்டில்லை. நம்மூர்க்காரர் என்பதற்காக மட்டும் நான் வருந்தவும் இல்லை. ஜாமீன் பிரிவு எழுதப்பட்ட விதத்தில் எழுதப்பட்டிருப்பதால் நேர்ந்த சாவு அது.

பேராசிரியர் ஜி.என். சாய்பாபா சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 2014இல் உபாவில் கைது, 2017இல் ஆயுள் தண்டனை, 2024 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு விடுவித்தது, அக்டோபரில் இறந்தார். அதே வழக்கில் அவரோடு விடுதலையாகியிருக்க வேண்டிய பாண்டு நரோட்டே அதற்கு முன்பே சிறைக் கைதியாகவே இறந்துபோயிருந்தார். சூரத்தில் 2001 டிசம்பரில் ஒரு கருத்தரங்குக்கு வந்தவர்களைத் தடைசெய்யப்பட்ட அமைப்பின் ஆட்கள் என்று உபாவில் பிடித்தார்கள். அவர்கள் விடுதலையானது 2021 மார்ச்சில்.

அடுத்து, இதையெல்லாம் விட்டுக்கொடுத்தால்தான் பாதுகாப்பு கிடைக்கும் என்ற வாதம். உங்களில் பலர் மனதில் இருப்பதும் இதுதான் என்று எனக்குத் தெரியும். சில அப்பாவிகள் கஷ்டப்பட்டாலும் பரவாயில்லை, பல உயிர்கள் பிழைக்கும் என்பது. இந்தக் கணக்கு சரியாக இருந்தால்கூட ஏற்க மாட்டேன். ஆனால் கணக்கே தப்பு.

2006 ஜூலை 11 அன்று மும்பை மின்சார ரயில்களில் குண்டு வெடித்து 180க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வழக்கில் மகாராஷ்டிரத்தின் கடுமையான மோக்கா சட்டம் பயன்பட்டது. ஜாமீன் கிடைக்காது, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியம். 2015இல் ஐந்து பேருக்குத் தூக்கு, ஏழு பேருக்கு ஆயுள். 2025 ஜூலை 21 அன்று மும்பை உயர் நீதிமன்றம் 12 பேரையும் விடுவித்தது. அந்த வாக்குமூலங்களை நம்ப முடியவில்லை, அரசுத் தரப்பு வழக்கை நிரூபிக்க அடியோடு தவறிவிட்டது என்றது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம், அந்தத் தீர்ப்பை மற்ற வழக்குகளுக்கு முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது என்றது, ஆனால் விடுதலையானவர்களை மறுபடி சிறைக்கு அனுப்பவில்லை. பத்தே நாளில், ஜூலை 31 அன்று, 2008 மாலேகான் குண்டுவெடிப்பு வழக்கில் ஏழு பேர் விடுதலையானார்கள். அவர்களில் ராணுவ அதிகாரி புரோகித் ஜாமீன் இல்லாமல் ஏறக்குறைய ஒன்பது ஆண்டு சிறையில் இருந்தவர். முதல் வழக்கின் பெயர்களைப் பார்த்து உங்களில் சிலர் மனம் இறுகியிருக்கலாம். இரண்டாம் வழக்கின் பெயர்களைப் பார்த்து வேறு சிலர் மனம் இறுகியிருக்கலாம். நான் உங்களைக் கேட்பது ஒன்றுதான். ரயிலில் மகனை இழந்த தாய்க்கும், மாலேகானில் பிள்ளையை இழந்த தகப்பனுக்கும் 19 ஆண்டு, 17 ஆண்டு கழித்து இந்த அரசு கொடுத்த பதில் என்ன? உங்கள் பிள்ளையைக் கொன்றவர் யார் என்று எங்களால் நிரூபிக்க முடியவில்லை என்பது. கடுமையான சட்டம் கையில் இருந்தும் வந்த பதில் அது.

சட்டம் கையில் இருந்ததால்தான் அப்படி ஆயிற்று என்பது என் முடிவு. ஜாமீன் வராது, ஆறு மாதம் அவகாசம் உண்டு, வழக்கு பத்தாண்டு இழுத்தாலும் ஆள் உள்ளேயேதான் இருப்பான் என்றால் புலனாய்வு அதிகாரிக்கு அவசரம் எதற்கு? தடயத்தைத் தேடி அலைவதைவிட பிடித்த ஆளை வைத்துக் கதையை முடிப்பது எளிது. சரியாகப் பிடிபட்டவன் தண்டனை இல்லாமல் தப்புகிறான், தப்பாகப் பிடிபட்டவன் விசாரணையிலேயே தண்டனையை அனுபவித்து முடிக்கிறான். உண்மையில் குண்டு வைத்தவன் யாரும் தேடாத நிலையில் ஏதோ ஓர் ஊரில் நிம்மதியாக இருக்கிறான்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 19 வயதில் கைதான பேரறிவாளனை ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்குமேடை வரை கொண்டுபோனது தடாவின் கீழ் பதிவான வாக்குமூலம். ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தேன் என்பது அதில் இருந்தது. எதற்காக அது பயன்படப்போகிறது என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். ஒரே ஒரு வாக்கியம். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் விடுவிக்கும்வரை 31 ஆண்டு பேரறிவாளனின் தாய் அற்புதம்மாள் நடந்த நடை, அந்த ஒரு வாக்கியத்துக்காக நடந்த நடை. இத்தனைக்கும் அந்த வழக்கில் தடா குற்றங்கள் பொருந்தாது என்று 1999இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தண்டிக்கப்பட்டிருந்த 26 பேரில் 19 பேரை வெளியே விட்டது. சட்டம் பொருந்தாது, ஆனால் அந்தச் சட்டத்தில் எடுத்த வாக்குமூலம் மட்டும் செல்லும் என்ற நிலையில் மீதிப்பேர் உள்ளே இருந்தார்கள். போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலத்தைச் சாட்சியமாக்கும் அந்தப் பிரிவு இன்றைய உபாவில் இல்லை. நாடாளுமன்றம் ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டதற்கு அது அடையாளம். இன்னொன்றையும் கற்றுக்கொள்ள முடியும் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

எங்கள் கோவை வழக்கும் நினைத்துப் பார்க்கத் தக்கது. 1998இல் தடா காலாவதியாகியிருந்தது, பொடா பிறக்கவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தையும் வெடிபொருள் சட்டத்தையும் வைத்துத்தான் அந்தப் பெரிய வழக்கு நடந்தது. 2007இல் சிறப்பு நீதிமன்றம் 166 பேரில் 158 பேரைக் குற்றவாளிகள் என்றது. சென்னை உயர் நீதிமன்றம் பிறகு சிலரை விடுவித்தது என்றாலும் முக்கியமானவர்களின் ஆயுள் தண்டனை நின்றது. சாதாரணச் சட்டம் பயங்கரவாதத்தின் முன் கையாலாகாமல் நிற்கும் என்று சொல்கிறவர்கள் இந்த வழக்கைப் பற்றி ஏனோ பேசுவதே இல்லை. அந்த வழக்கிலும் ஜாமீன் கிடைக்காமல் பலர் ஒன்பது ஆண்டு இருந்தார்கள் என்பதையும், அப்துல் நாசர் மதானி அவ்வளவு காலம் இருந்துவிட்டு நிரபராதி என்று வெளியே வந்தார் என்பதையும் மறைக்க மாட்டேன். ஜாமீன் மறுக்கச் சாதாரணச் சட்டத்திலேயே போதுமான அதிகாரம் நீதிபதிக்கு இருக்கிறது என்பதற்கு அதுவே ஆதாரம். அப்படியானால் நீதிபதியின் கையைக் கட்டிப்போட இன்னொரு பிரிவு எதற்கு?

2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 113ஆம் பிரிவில் பயங்கரவாதச் செயல் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. உபாவில் சொன்ன அதே குற்றம், கிட்டத்தட்ட அதே வாசகம். அங்கே இந்த ஜாமீன் தடை இல்லை. எந்தச் சட்டத்தில் வழக்குப் பதிவது என்று தீர்மானிப்பவர் ஒரு எஸ்.பி. நிலை அதிகாரி. ஒரே செயலுக்கு ஒருவருடைய ஜாமீன் மனு சாதாரண விதிப்படி பார்க்கப்படும், இன்னொருவருடையது 43டியின் தடையில் முட்டி நிற்கும். இதை நீங்கள் ஒத்துக்கொள்கிறீர்களா?

ஓரிரு வரியில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாநிலத்தில் குண்டர் சட்டத்தை நாம் எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துகிறோம் என்று எனக்குத் தெரியும். அது சட்டமன்றத்துக்கு எழுத வேண்டிய கடிதம். அதை எழுதாமல் உங்களுக்கு மட்டும் எழுதிவிட்டு ஓய்ந்துவிட மாட்டேன்.

எப்போதுமே இந்தச் சட்டங்கள் துக்கம் ஆறுவதற்குள் வருகின்றன. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதல் முடிந்து மூன்று வாரத்தில், டிசம்பர் 17 அன்று மக்களவையும் 18 அன்று மாநிலங்களவையும் உபா திருத்தத்தை நிறைவேற்றின. 43டி அப்போது வந்ததுதான். பொடாவை நீக்குகிறோம் என்று 2004இல் பெருமையாகச் சொன்ன அதே ஆட்சி அதைச் செய்தது. மும்பையில் தோற்றது கடலோரக் கண்காணிப்பு, உளவுத் தகவலைக் கைமாற்றும் ஏற்பாடு, போலீஸிடம் இருந்த பழைய துப்பாக்கி. ஜாமீன் பிரிவு தளர்வாக இருந்ததால் யாரும் படகில் வரவில்லை.

கோபத்தின் நடுவிலும் நிதானமாக இருந்த உறுப்பினர்கள் உலகில் இல்லாமலில்லை. 2005 ஜூலை 7 அன்று லண்டனில் குண்டு வெடித்து 52 பேர் இறந்தார்கள். நான்கே மாதத்தில், குற்றம் சாட்டாமல் 90 நாள் வைத்திருக்கும் அதிகாரம் வேண்டும் என்று பிரதமர் டோனி பிளேர் கேட்டார். நவம்பர் 9 அன்று அவருடைய சொந்தக் கட்சி உறுப்பினர்கள் பலர் எதிர்த்து வாக்களித்து அதைத் தோற்கடித்தார்கள். அவர்களைத் தேசத் துரோகிகள் என்று வரலாறு எழுதவில்லை. 1974 பர்மிங்காம் குண்டுவெடிப்பில் ஆறு பேரைத் தப்பாகத் தண்டித்து 16 ஆண்டு கழித்து விட்ட நாடு அது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1995 பிப்ரவரியில் தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவராக இருந்த நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா, தடாவை நீட்டிக்க வேண்டாம் என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் அத்தனை பேருக்கும் கடிதம் எழுதினார். அந்த மே மாதம் தடா நீட்டிக்கப்படாமல் காலாவதியாயிற்று. அந்தக் கடிதத்துக்குப் பலன் கிடைக்க ஒரு காரணம் உண்டு. தடாவுக்கு ஆயுள் இருந்தது. குறித்த காலம் முடிந்தால் உங்கள் அவைக்குத் திரும்பி வந்து நீட்டிப்புக் கேட்க வேண்டும். பொடாவுக்கும் மூன்றாண்டு என்று இருந்தது. உபாவுக்கு அப்படி எதுவும் இல்லை. அது தானாக ஒருபோதும் உங்கள் முன் வராது. நீங்கள்தான் அதனிடம் போக வேண்டும்.

உபாவை முழுதாக நீக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. என் நண்பர்களில் சிலர் அதைத்தான் கேட்கச் சொல்கிறார்கள். ஆயுதக் குழுவைத் தடைசெய்யவும் அதற்குப் போகும் பணத்தை முடக்கவும் ஒரு சட்டம் வேண்டும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் கேட்பது இவ்வளவுதான். 43டியின் 5ஆம் உட்பிரிவில் வரும் ஜாமீன் தடையை நீக்குங்கள். ஓடிவிடுவார், சாட்சியை மிரட்டுவார், மறுபடி செய்வார் என்று காட்டும் பொறுப்பு அரசுத் தரப்பிடம் இருக்கட்டும், காட்டினால் நீதிபதி மறுக்கட்டும். 180 நாளை 90 ஆக்குங்கள். பயங்கரவாத அத்தியாயங்களுக்கு மூன்றாண்டு ஆயுள் வையுங்கள். ஒவ்வொரு முறை நீட்டிக்கும் முன்பும் எத்தனை பேர் கைது, எத்தனை பேர் எத்தனை ஆண்டாக விசாரணைக் கைதி, எத்தனை பேர் விடுதலை என்று மாநிலவாரியாகக் கணக்கை அவையில் வைக்க வேண்டும் என்று எழுதுங்கள். பத்தாண்டு உள்ளே இருந்து நிரபராதி என்று வருகிறவருக்கு அரசு இழப்பீடு தரும் பிரிவு ஒன்றையும் சேருங்கள். இன்று அவர் கையில் கிடைப்பது தீர்ப்பின் நகலும் பேருந்துக் காசும்தான்.

அரசு இதைக் கொண்டுவராது என்று சொல்வீர்கள். தெரியும். அதனால்தான் உங்களிடம் ஒரு வெள்ளிக்கிழமை கேட்கிறேன். கூட்டத்தொடரின்போது வெள்ளிக்கிழமை பிற்பகல்கள் தனிநபர் மசோதாக்களுக்கும் தனிநபர் தீர்மானங்களுக்கும் உரியவை. பெரும்பாலும் கொறடா உத்தரவு வருவதில்லை, பெரும்பாலும் அவையில் கூட்டமும் இருப்பதில்லை, ஊருக்குப் போகும் விமானத்தைப் பிடிக்க நீங்களே கிளம்பியிருப்பீர்கள். அந்த மசோதாக்களால் ஒன்றும் நடக்காது என்ற பேச்சு இருக்கிறது. திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. மக்களவையைத் தாண்டவில்லை என்றாலும், அரசு தன் பங்குக்கு ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவர் வெள்ளிக்கிழமையைப் பயன்படுத்திச் செய்தது அது.

மசோதா அறிமுகத்துக்கு ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும். அதனால் அடுத்த கூட்டத்தொடருக்குத் தேதி அறிவிக்கும் வரை காத்திருக்காதீர்கள். மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர் என்று உங்களுக்குள் பேசி முடிவு செய்யுங்கள். இரு வேறு கட்சிகளைச் சேர்ந்தவர்களாக இருந்தால் நல்லது. மற்ற 55 பேரும் அந்த வெள்ளிக்கிழமை மாலை விமானத்தை விட்டுவிட்டு இருக்கையில் இருங்கள். விவாதத்தில் பேசுங்கள், எதிர்த்துப் பேச வேண்டும் என்று தோன்றினால் எதிர்த்தும் பேசுங்கள், ஆனால் பேசுங்கள். அதற்கு முன்பாக, கேள்வி நேரத்துக்கு ஒரு கேள்வி எழுதிக் கொடுங்கள்: தமிழ்நாட்டிலிருந்து உபா வழக்குகளில் மூன்றாண்டுக்கு மேல் விசாரணைக் கைதிகளாக இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் மேல் இன்னும் குற்றச்சாட்டுப் பதிவாகவில்லை? பதில் வந்ததும் உங்கள் தொகுதியில் அச்சிட்டு வெளியிடுங்கள். மசோதாவின் வரைவை எழுதித் தர கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் கட்டணம் வாங்காத வழக்கறிஞர்கள் தயாராக இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
கோயம்புத்தூர் வாக்காளன்